வாய்க்கால் கரையில் ஓடலாம் வாங்க... இரண்டாவது மடையில் அப்பா காத்திருக்கிறார்!

“என்னம்மா, பஸ்ஸ விட்டுட்டியா?”

கல்லிடைக்குறிச்சியில் நான் ஓடத் தொடங்கிய முதல் நாள் காலை, டீக்கடை வாசலில் நின்ற பெரியவர் கேட்ட கேள்வி இது. கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை. இருபத்தைந்து வயதுப் பெண் காலை ஆறு மணிக்கு மூச்சு வாங்க ஓடுகிறாள் என்றால், அவர் கணக்கில் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

நான் வேலை பார்ப்பது சென்னையில். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகியவள். அப்பாவுக்குச் சர்க்கரை எகிறிவிட்டது என்று அம்மா போனில் அழ, ஜூன் மாதம் மூன்று வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பையில் லேப்டாப், ஓடுவதற்கான ஷூ. இரண்டும்தான் என் மொத்த சாமான்.

டாக்டர் அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: “மாத்திரை பாதி, நடை பாதி. தினமும் 40 நிமிஷம் நடங்க.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னதும் ஒன்றுதான்: “வேலைக்குப் போகும்போது நடந்ததெல்லாம் போதும்ட்டி. இனும என்னால முடியாது.”

அப்போதுதான் ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் வாய்க்கால் கரையில் ஓடிப்போய்த் திரும்புவேன். அதற்குள் அப்பா இரண்டாவது மடை வரை நடந்து வந்திருக்க வேண்டும். அங்கிருந்து இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம்.

மலையைப் பார்த்து ஓடும் ஊர்

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. வடகரையில் அம்பாசமுத்திரம், தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. ஆற்றின் குறுக்கே மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் ஏழு பழங்காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. இந்த அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்கள்தான் இங்கே வயலுக்கு உயிர். எங்களைப் போன்றவர்களுக்கு அவற்றின் கரைகளே ஓடுதளம்!

ஜூனில் கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஊரே நிறம் மாறும். ஒரு பக்கம் நாற்றங்கால், இன்னொரு பக்கம் வாழை, நேர் எதிரே மேற்கில் மலை. கிழக்கே சூரியன் எழும்போது வெளிச்சம் முதலில் மலையின் தலையில் விழுந்து மெல்லக் கீழே இறங்கும். மேற்கு நோக்கி ஓடினால் அதைப் பார்த்துக்கொண்டே ஓடலாம்.

ஒரே சிக்கல் காற்று. சாரல் காலத்தில் மேற்கிலிருந்து அது ஆளைத் தள்ளும். அதனால் போகும்போது எதிர்க்காற்றில் போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வது நல்லது. இந்தப் பாடத்தை நான் முதல் நாளே தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டேன்.

எந்த வழியில் ஓடலாம்?

கன்னடியன் வாய்க்கால் கரை: மண் பாதை, மேடு பள்ளம் குறைவு. முழங்காலுக்கு இதமானது. புதிதாக ஓடுபவர்கள் இங்கே தொடங்கலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வழுக்கும்.

ஆற்றுப் பாலம்: கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாலம் தாண்டி அம்பாசமுத்திரம் போய்த் திரும்புவது. தார்ச் சாலை, பஸ் போக்குவரத்து உண்டு. காதில் பாட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்று ஆற்றைப் பார்த்தால் தப்பில்லை, நேரக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாபநாசம் சாலை: அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர். போகப் போக மெல்ல ஏறும் சாலை. தெம்புள்ளவர்களுக்கு நல்ல பயிற்சி. கோயில் படித்துறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வனத்துறை சோதனைச் சாவடி, புலிகள் காப்பகம். அது ஓடுகிற இடம் இல்லை.

மணிமுத்தாறு சாலை: மலை நேராக நம்மை நோக்கி வருவது போல இருக்கும். வெயில் ஏறினால் கஷ்டம். சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

பாபநாசம் படித்துறையில் ஒரு விஷயம் மனதை உறுத்தியது. பரிகாரம் என்று சொல்லிப் பலர் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீருக்குள் கால் வைத்தால் வேட்டியும் சேலையும் காலைச் சுற்றுகின்றன. இந்த ஆற்றைத்தான் கீழே இருக்கிற ஊர்கள் எல்லாம் குடிக்கின்றன.

விடியும் முன் வேண்டாம்

சென்னையில் நான் ஐந்து மணிக்கே ஓடக் கிளம்பிவிடுவேன். இங்கே அம்மா விடவில்லை. “வெளுக்கட்டும், அப்புறம் போ” என்றார். அது வெறும் அம்மா பயம் இல்லை. மலையடிவாரத்தில் 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. கரடி ஊருக்குள் வருவது இந்தப் பக்கம் புதிதல்ல. 2024 மே மாதம் பாபநாசம் அருகே மலையடிவார ஊர்ப் பகுதியில் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் மட்டும் ஓடுவது நமக்கும் நல்லது, அவற்றுக்கும் நல்லது. புல் மண்டிய வாய்க்கால் கரையில் பாம்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அந்த ஐந்தாம் நாள்

முதல் நான்கு நாட்கள் அப்பா முனகிக்கொண்டே நடந்தார். மூன்றாம் நாளே வழியில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அரசியல் பேசத் தொடங்கியிருந்தார். ஒரு ஆச்சி என்னை நிறுத்தி, “யாரு மவட்டி நீ?” என்று விசாரித்து, பதிலைக் கேட்டதும், “உங்கப்பன் முன்னால போறான், விரசா ஓடு” என்று விரட்டினார்.

ஐந்தாம் நாள் நான் திரும்பி வரும்போது அப்பா மடையின் மேல் உட்கார்ந்திருந்தார். அருகில் கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பு. அதில் ஈரமாக ஏதோ இருந்தது. சேறு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ரத்தம்.

உடைமுள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. எவ்வளவு தூரம் அப்படியே நடந்தாரோ!

“வலிக்கலியாப்பா?”

“இல்லியேம்மா. சும்மா இளைப்பாற உக்காந்தேன்.”

அந்த ‘இல்லியே’தான் என் வயிற்றைக் கலக்கியது. முள் குத்தியது பெரிதில்லை. குத்தியது தெரியவில்லை என்பதுதான் பெரிது.

அன்றே டாக்டரிடம் போனோம். அவர் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, “தெரியுதா, தெரியுதா?” என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பரீட்சை எழுதும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். சில இடங்களில் பதில் வரவில்லை. நாள்பட்ட சர்க்கரை, கால் நரம்புகளின் உணர்வைக் குறைத்துவிடும். காயம் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும். கவனிக்காத புண், காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

“நல்லவேளை, சீக்கிரம் தெரிஞ்சது” என்றார் டாக்டர். நடக்கப் போகாமல் இருந்திருந்தால் இது எப்போது தெரிந்திருக்கும் என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவுக்குக் கிடைத்த அறிவுரை, எல்லோருக்கும்

* சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலிலோ ரப்பர் செருப்பிலோ நடைப்பயிற்சி போக வேண்டாம். அளவான ஷூவும் பருத்தி சாக்ஸும் அவசியம்.
* ஷூவை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கல்லோ பூச்சியோ இருக்கலாம்.
* தினமும் இரவு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்க்கலாம்.
* மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்திருங்கள். தலைசுற்றல், நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் உடனே வாயில் போட வேண்டும்.
* காலில் புண் இருந்தால் ஆறும் வரை நடைக்கு விடுமுறை.

மூன்றாவது மடை

புண் ஆறப் பத்து நாட்கள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் தனியாக ஓடினேன். இரண்டாவது மடை வந்ததும் என்னை அறியாமல் வேகம் குறைந்துவிடும். ஆச்சி தினமும், “அப்பன் எங்கட்டி?” என்று கேட்டார்.

பதினோராம் நாள், வாழ்க்கையில் முதல் முறையாக ஷூ போட்ட அப்பா, “பள்ளிக்கூடத்துப் பிள்ள மாரி இருக்குட்டி” என்று வெட்கப்பட்டபடி வாசலில் இறங்கினார். டீக்கடைப் பெரியவர் அவரையும் விடவில்லை. “என்ன, நீரும் பஸ்ஸ விட்டுட்டீரா?”

நான் சென்னைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இரவில் அம்மா செல்போன் டார்ச் அடித்து அப்பாவின் பாதத்தைப் பார்க்கிறார். காலையில் அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. வாய்க்கால், வாழைத் தோப்பு, பின்னால் மலை, ஓரத்தில் பாதி விரல் மறைத்த ஷூ.

நேற்று வந்த படத்தில் மடை வேறு மாதிரி இருந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

“அது மூணாவது மட” என்றார் அப்பா. குரலில் லேசாக மூச்சு வாங்கியது.