மணப்பாட்டில் நான்கு நாட்கள்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரச் சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால் மணப்பாடு. குலசேகரப்பட்டினத்தைக் கடந்ததும், பனங்காடுகளுக்கு அப்பால், கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று ஒன்று கண்ணில் படும். அதன் உச்சியில் வெண்மையாய் ஒளிர்வது 1581-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டான் என்றும், அச்சிலுவை நின்ற குன்றின்மீதே பின்னர் ஆலயம் எழுந்தது என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவின்போது இக்குன்றில் கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களிலோ அலையோசையும் காற்றோசையுமே துணை.

சென்ற கோடை விடுமுறையில் ஒன்பது வயதான என் மகனை அழைத்துக்கொண்டு இவ்வூருக்குச் சென்றோம். அவனுடைய தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் இங்குதான் வாழ்கின்றனர். எனக்குக் கிடைத்த விடுப்பு நான்கே நாட்கள். நகரத்தின் மாடிக் குடியிருப்பில் வளரும் சிறுவனுக்கும், நாற்பது ஆண்டுகள் கடலோடிய முதியவருக்கும் இடையே நான்கு நாட்களில் என்ன பேச்சு இருக்க முடியும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே சென்றேன்.

என் மாமனார் இப்போது கடலுக்குச் செல்வதில்லை. முழங்கால் வலி அவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டது. மைத்துனர் இருவரும் கப்பல் வேலையில் அயல்நாடுகளில் இருக்கின்றனர். வள்ளத்தை விற்று மூன்று ஆண்டுகளாகின்றன. ஆயினும் விடியுமுன் எழுந்து கடற்கரைக்குச் செல்லும் வழக்கத்தை அவர் விடவில்லை. முதல் நாளே பேரனையும் எழுப்பிக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். கரை வந்த வள்ளங்களிலிருந்து மீன் இறங்குவதையும், ஏலம் கூறுவதையும் அவன் வியப்போடு கண்டான். சாளை எது, சீலா எது, பாறை எது என்று தாத்தா கூற, வீடு திரும்புவதற்குள் பன்னிரண்டு மீன்களின் பெயர்கள் அவனுக்கு மனப்பாடம்!

காற்றுகளையும் அவர் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்திற்கு நீவாடு என்று பெயர். காற்றும் நீவாடும் அறியாதவன் வலை வீசினால் மீனும் கிடைக்காது, சில வேளைகளில் வலையும் கிடைக்காது என்றார்.

இரண்டாம் நாள் மாலை, வலிக்கும் காலோடு மெல்ல மெல்லக் குன்றின்மேல் ஏறினார். அங்கிருந்து கடலைச் சுட்டிக்காட்டி, கண்ணுக்குக் குறியில்லாத அந்நீர்ப்பரப்பில் இடம் கண்டுபிடிக்கும் வித்தையை விளக்கினார். கடலில் நின்று கரையை நோக்கினால் இத்திருச்சிலுவை ஆலயம் தெரியும். வடக்கே திருச்செந்தூர்க் கோபுரம் தெரியும். ஆலயம் எந்தப் பனைக்கு நேரே வருகிறது, கோபுரம் எந்த மேட்டுக்கு நேரே வருகிறது என்று இரண்டையும் மனத்தில் குறித்துக்கொண்டால், மீன் கூடும் அதே பாருக்கு அடுத்த ஆண்டும் தவறாமல் சென்று சேரலாம். “நமக்கு ரெண்டு கோயிலும் வேணும், மக்கா” என்று அவர் சிரித்தார். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி அவ்வேலையைச் செய்கிறது. அவர் நெஞ்சில் உள்ள குறிகளைக் கேட்பார் இல்லை.

“வள்ளத்தை ஏன் தாத்தா வித்தீங்க?” என்று பேரன் திடீரெனக் கேட்டான். எங்களில் எவரும் அவரிடம் கேட்கத் துணியாத கேள்வி அது. முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கரையில கிடந்தா மரம் காஞ்சு வெடிச்சிரும். ஓடுறவன் கையில இருந்தாத்தான் அது வள்ளம்” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. சிறுவன் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டான்.

மறுநாள் பேரன் ஆசிரியரானான். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதை அவன் பள்ளியில் படித்திருந்தான். மணலில் குச்சியால் இலங்கையை வரைந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் அத்தீவைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும் என்றும், இங்கிருந்து நேராகவே செல்லலாம் என்றும் விளக்கினான். “காத்துக்கு ஏத்தபடி வளைஞ்சு போறது எங்களுக்கும் தெரியும்” என்று தாத்தா மகிழ்ந்தார். பாட்டியோ பனையோலையில் சிறு பெட்டி முடைந்துகொண்டே இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஓலையை நனைத்து வாருவது எப்படி என்று அவரிடமும் அவன் ஒரு பாடம் கற்றான்.

குன்றின் அடிவாரத்தில் கடலை நோக்கிய குகை ஒன்று உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த இடமென்று போற்றப்படுவது. அலை எட்டும் தூரத்திலிருந்தும் அங்குள்ள கிணற்று நீர் கரிப்பதில்லை. மூன்றாம் நாள் அந்நீரைப் பருகியபோது எனக்கொரு செய்தி நினைவுக்கு வந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சிறுவரைக் கூட்டினார்; கற்ற செபங்களை வீட்டிலுள்ள பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பிக்குமாறு அவர்களை அனுப்பினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே இதைக் குறிப்பிடுகிறார். அன்று இக்கரையில் விசுவாசம் சிறுவர் வழியாகப் பெரியோரிடம் சென்றது. பின்னர் அப்பெரியோர் வழியாகப் பேரப்பிள்ளைகளிடம் வந்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத உறவு அது.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் பாட்டி கற்றுக்கொடுத்தபடி என் மகன், “தோத்திரம் தாத்தா, தோத்திரம் பாட்டி” என்று கைகுவித்தான். இருவரும் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தனர். வலைக்கயிறு பற்றிக் காய்த்துப்போன அந்த விரல் நெற்றியில் சற்று நேரம் தயங்கி நின்றதைக் கண்டேன்.

நான்காம் நாள் விடைபெற்றோம். பனையோலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி. அதன்மேல் தாத்தாவின் பழைய வலை பின்னும் ஊசி.

பெற்றோரே, நம் முதியோர் பலர் ஊரில் தனித்திருக்கின்றனர். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம், நன்றுதான். ஆனால் அவர்கள் நெஞ்சில் தேங்கிக் கிடக்கும் அறிவையும் அன்பையும் பணவிடையில் திருப்பிப் பெற முடியாது. அதைப் பெறத் தக்கவர்கள் நம் குழந்தைகள். நீண்ட விடுமுறை வாய்க்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். நான்கு நாட்கள் போதும். அழைத்துச் செல்லுங்கள், அவர்கள் பேசும்போது இடையில் புகாமல் சற்று விலகி நில்லுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.