அம்மா வேஷம்

நேத்து ராத்திரி தூக்கம் வரலை. ரொம்ப வருஷம் முன்னாடி பார்த்த 'எவர்கிரீன்' படத்தை மறுபடி போட்டேன். 1934-ல் விக்டர் சாவில் எடுத்த கறுப்பு-வெள்ளை பிரிட்டிஷ் பாட்டுப் படம். மேடையை விட்டு மறைந்துபோன பாடகி அம்மா, அவளுடைய மகள், ரெண்டுமே ஜெஸ்ஸி மேத்யூஸ்தான். வயசே ஆகாத அம்மா என்று சொல்லி மகள் மேடையேறுகிறாள். காதலிக்கிறவனையே ஊருக்கு மகன் என்று காட்டவேண்டிய கட்டாயம்! அன்னைக்கு இதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரி வீட்டுக்குள் தனியாக அவள் ஆடுகிற ஆட்டம் இப்பவும் பஞ்சு மாதிரி.

இந்தத் தடவை, மேடையிலேயே அவள் வேஷத்தைக் கலைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா போனதிலிருந்து பார்க்கிறவங்க எல்லாம் "அப்படியே உங்க அம்மாதான்" என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனா, நான் நான்தானே?

கிடைச்சா பாருங்க மக்களே.