யாழ்நகர் கண்டேன்

நெடுங்காலம் தீராதிருந்த ஒரு கடனே என்னை யாழ்ப்பாணத்திற்கு அழைத்துச் சென்றது. அது பொருட்கடன் அன்று, நூற்கடன்.

1981 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மதுரை மாநகரில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அப்பொழுது யான் புலவர் வகுப்பு மாணாக்கன். தா.பழூரிலிருந்து சென்றிருந்த எனக்கு அங்கே யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரின் நட்புக் கிட்டியது. அவர் கையில் பழைய இலக்கண உரைநூல் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்து எடுத்து வந்தது. யான் அதனை ஆவலோடு புரட்டுவதைக் கண்ட அவர், "படித்துவிட்டு அஞ்சலில் அனுப்புங்கள்; இல்லையேல் நேரில் கொணர்ந்து எங்கள் நூலகத்தையும் பாருங்கள்" என்று கூறித் தந்தார். இன்று அனுப்புவோம், நாளை அனுப்புவோம் என்று யான் காலந்தாழ்த்தினேன்.

அவ்வாண்டு சூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு, வன்முறையாளர் இட்ட தீ அந்நூலகத்தை விழுங்கியது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. செய்தியைப் படித்தபோது என் கை தானே பெட்டியிலிருந்த அந்நூலைத் தேடிற்று. பின்னர்ப் போர் மூண்டது, மடல்களும் நின்றன. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரே நண்பர் நலமாயுள்ளார் என அறிந்தேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் செல்லத் தொடங்கியது 2023 ஆம் ஆண்டில். அண்மையில் அவ்வழியே யானும் சென்றேன். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். துறையில் நின்ற நரைத்த தலையரை முதலில் யான் அறிந்திலேன். "வாருங்கோ, புலவர் ஐயா!" என்ற குரலே அவரை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

கொள்ளிடக் கரையில் வளர்ந்த எனக்கு அந்நிலம் வியப்பைத் தந்தது. வற்றாத ஆறு ஒன்றும் அங்கு இல்லை. சுண்ணாம்புப் பாறையில் தங்கிய மழைநீரைக் கிணறுகளில் இறைத்தே செம்மண்ணில் பயிர் விளைக்கின்றனர். எங்கு நோக்கினும் பனைமரங்கள். அன்று காலை பிட்டும், மாலையில் ஒடியற்கூழும் நண்பர் இல்லத்தில் உண்டேன்.

மறுநாள் நல்லூர் சென்றோம். யாழ்ப்பாண அரசர்களின் தலைநகராய் விளங்கிய ஊர் அது; ஆறுமுக நாவலர் 1822 ஆம் ஆண்டில் பிறந்ததும் அங்கேயே. பண்டைய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தனர். இன்றுள்ள கோயில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. எங்கள் ஊருக்கு அணித்தே, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில், சோழர் அரண்மனையின் செங்கல் அடிப்பகுதியை மட்டுமே கண்டவன் யான். ஆதலின் அழிந்த தலைநகரின் துயரம் எனக்குப் புதிதன்று. பின்னர்க் கடலோரத்துக் கோட்டையைக் கண்டோம். போர்த்துக்கீசியர் கட்டிய அதனை 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி விரிவாக்கினர்.

இறுதியாக நூலகத்தை அடைந்தோம். 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, எரிந்து, மீண்டும் எழுந்த அவ்வெண்ணிறக் கட்டடத்தின் முன்னே கலைமகள் வீற்றிருக்கிறாள். என் கால்கள் தயங்கின. உள்ளே சென்று நூலை நூலகரிடம் நீட்டினேன். அவர் அட்டையைத் திறந்தார். பழைய முத்திரையைக் கண்டார். ஒன்றும் பேசாமல் நூலைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"தண்டம் எவ்வளவு?" என்று வினவினேன்.

நண்பர் மெல்ல நகைத்து, "காலத்தில் அனுப்பியிருந்தால் இதுவும் எரிந்திருக்குமே!" என்றார்.

அவர் சொல் என்னைத் தேற்றவில்லை. தற்செயலாய் நன்மை விளைந்தமையால் என் சோம்பல் அறமாகிவிடாது. ஆயினும் அச்சொல் ஓர் உண்மையை உணர்த்திற்று. பிறிதொருவர் கையில் இருந்தமையாலன்றோ அந்நூல் பிழைத்தது! ஒரே படியாய் ஓரிடத்தில் இருந்த ஏடுகள் மீளவே இல்லை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை இதனை நன்குணர்ந்தவர். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கும்பகோணத்தில் வழக்கறிஞராய் இருந்த அப்பெரியார், சிதைந்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். ஓலையில் ஒடுங்கிக் கிடந்த நூல் ஊர்தோறும் பரவியது. ஈழத்தமிழர் 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகமும் இப்பணியையே செய்து வருகிறது.

மாணவர்களே! இரவல் வாங்கிய நூலைக் காலத்தில் திருப்பிக் கொடுங்கள்; என்னைப்போல் நாற்பது ஆண்டுகள் நாணி நிற்க வேண்டா. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடோ நூலோ கிடப்பின், அதனைப் படியெடுத்துப் பலர் கைக்குச் சேருங்கள். ஒரு கையிலுள்ளது அழியலாம். பலர் கையிலுள்ளது எளிதில் அழியாது.