பிள்ளையைத் தூக்கிச் செல்பவள் யார்?



ஆஸ்பத்திரியில் பச்சிளம் பிள்ளையொன்று காணாமல் போனால் நம் ஆட்கள் உடனே இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, பைத்தியம். மற்றது, பிள்ளை விற்கிற கூட்டம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் வேறொரு காரணமும் இருக்கிறது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுனில், 1997இல், தாய் தூங்கிக்கொண்டிருந்தபோது பிறந்து 3 நாளான பெண் பிள்ளையை ஒருத்தி வாட்டிலிருந்து தூக்கிச் சென்று தன் மகளாகவே வளர்த்தாள். 2015இல் பெற்றவர்களின் இளைய மகள் அதே பாடசாலையில் சேர்ந்தாள். இருவருக்கும் ஒரே முகம் என்பதை முதலில் கவனித்தவர்கள் கூடப் படித்த பிள்ளைகள்தான். டிஎன்ஏ பரிசோதனை அதை உறுதிசெய்தது. தூக்கியவளுக்கு 10 ஆண்டு சிறை. தனக்குக் கரு கலைந்ததைக் கணவனிடம் மறைத்ததாக அவள் நீதிமன்றத்தில் சொன்னாள்.

பிரித்தானிய மனநல வைத்தியர் டோர்பன் 1972இலேயே இப்படிப்பட்ட பெண்களை மூன்று வகையாகப் பிரித்தார். மனநோயின் வேகத்தில் திடீரெனத் தூக்குபவர்கள், தன் மனத்தின் வெறுமைக்கு ஆறுதல் தேடித் தூக்குபவர்கள், கரு கலைந்தபின் ஓர் ஆணைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தூக்குபவர்கள்.

மூன்றாவது வகைக்காரி பைத்தியம் அல்ல. வயிறு இருப்பதாக நடிப்பாள். வாட்டை முன்கூட்டியே நோட்டம் பார்ப்பாள். தாதி போல வருவாள். சரி பிழை தெரிந்தே செய்வதால்தான் நீதிமன்றம் தண்டிக்கிறது. ஆகவே பிரசவ வாட்டில் அடையாள அட்டை இல்லாத எவரிடமும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

அவளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. கேப் டவுன் பெற்றோர் அந்த 17 வருடமும் இல்லாத மகளின் பிறந்தநாளைக் கொண்டாடி வந்தார்கள். அந்த வேதனைக்கு எந்தக் காரணமும் ஈடாகாது. கரு கலைந்த பெண்கள் எத்தனையோ பேர், யாருக்கும் தீங்கு செய்யாமல், சத்தமில்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் கரு கலைந்ததைச் சொந்தக் கணவனிடமே மறைக்க வேண்டிய பயம் எங்கிருந்து வருகிறது? கல்யாண வீட்டில், மையித்து வீட்டில்கூட, "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று கேட்கிறோமே, அதிலிருந்தும் வருகிறது. பிள்ளை பெறுவதுதான் பெண்ணின் பெறுமதி என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கேள்வியை இன்றோடு விடுவோம். கரு கலைந்த பெண் தன் வீட்டிலாவது வாய்விட்டு அழட்டும்.