அறுவதுன்னு எழுதிக்கப்பா

திரையில் ஒரு வரிசை மட்டும் கண்ணை உறுத்துகிறது. நாற்பது கேள்விக்கும் ஒரே பதில்: 4, 4, 4. ‘நிம்மதியாக இருக்கிறேன்’ என்பதற்கும் 4, ‘நிம்மதியே இல்லை’ என்பதற்கும் 4. நாலு என்றால் ‘ஆமாம்’. மொத்தமே இரண்டு நிமிடத்தில் முடிந்திருப்பதாக டேப்லெட் சொல்கிறது. இப்படிப்பட்டதைக் களையெடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு.

பக்கத்து மேசைக்காரர் பதில் சொன்னவரைத் திட்டுகிறார். எனக்கு வீடு வீடாகக் கேட்டு எழுதியவர் மேல்தான் சந்தேகம்.

1998இல் ராமநாதபுரத்துப் பக்கம் நானும் எழுதினவன். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. திண்ணையில் ஒரு பாட்டி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. “வயசா? அறுவதுன்னு எழுதிக்கப்பா.” அடுத்த வீட்டில் நாற்பத்தைந்து, அதற்கடுத்த வீட்டில் ஐம்பது. நான் போன தெருவில் நாற்பத்தேழு வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை! இதை அளக்க விப்பிள் குறியீடு உண்டு. 23 முதல் 62 வயதுவரை உள்ளவர்களில் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதுக்காரர்கள் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 100. எல்லோருமே அப்படி என்றால் 500.

இப்போது படிக்காமல் குறிப்பவரைப் பிடிக்கக் கேள்விகளுக்கு நடுவே ‘இதற்கு இரண்டைக் குறிக்கவும்’ என்று பொறி வைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, ஒழுங்காகப் படிக்கிறவரைத்தான் அது முதலில் அவமதிக்கிறது. கூட்டத்தோடு ஒட்டாத வரிசையைக் காட்டிக்கொடுக்க புள்ளியியலாளர் மகலனோபிஸ் பெயரில் ‘மகலனோபிஸ் தூரம்’ என்ற அளவு இருக்கிறது. 1936இல் அவர் அதை எழுதியது வேறு காரியத்துக்கு, மனிதக் கூட்டங்களின் உடலளவுகளை ஒப்பிட. அவரிடம் எனக்குப் பிடித்தது வங்காளச் சணல் கணக்கெடுப்பு. ஒரே பகுதியைத் தனித்தனி ஆட்களிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் சணலையா சந்தேகிக்க முடியும்?

எனக்குப் பின்னால் அந்த ராமநாதபுரத்துத் தெருவுக்குச் சரிபார்க்க யாரும் வரவில்லை. நான் எழுந்தபோது பாட்டி தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: “தனுஷ்கோடியக் கடலு கொண்டுபோன வருசம் மூத்தவன் கைப்புள்ள.” அது 1964 டிசம்பர். மூத்தவனுக்கு முப்பத்தைந்துக்குள்தான். அவன் பிறந்தபோது இருபது என்று வைத்தாலும் பாட்டிக்கு ஐம்பத்தைந்து தாண்டாது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் வயது சரியாகவே கிடைத்திருக்கும். அவர் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். ரோட்டில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. கையில் இன்னும் பதினோரு படிவம்.

அந்த 4, 4, 4 வரிசையை நீக்கிவிட்டேன். பாட்டியின் படிவத்தில் 60 என்றுதான் எழுதினேன்.