மேல்தணலும் கீழ்த்தணலும்

நெருப்பைக் கொண்டு செய்யும் சமையல் வினைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. சுடுதல், அவித்தல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், வதக்குதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அடுதல் என்ற ஒரு வினைதான் அடுப்பையும் அடிசிலையும் நமக்குத் தந்தது. பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் என்னும் அப்ப வணிகர் வருகிறார்கள். கரிய அகலில் பாகு சேர்த்து அவர்கள் சுட்ட வட்டமான பண்டம் பாலில் கிடப்பது அங்கே ஓர் உவமையாகிறது. ஆயினும், நாற்புறமும் சூழ்ந்த வெப்பத்தில் ஒரு பண்டத்தைப் பொறுமையாக வேகவிடும் ‘பேக்கிங்’ என்ற வினைக்கு மட்டும் நம்மிடம் தனிச்சொல் இல்லை. பேக்கரியை அடுமனை என்று சொல்வது பிற்கால ஆக்கம். சொல் இல்லாத இடத்தில் செயலும் இருந்திராது என்று வகுப்பறையில் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டு அடுக்களையில் அந்தச் செயல் இருந்தது. அதைப் பற்றியும், அதனால் எங்கள் வீட்டில் நேர்ந்ததைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

முட்டையும் பாலும் இனிப்பும் சேர்ந்து சூட்டில் உறையும் பண்டம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதற்குச் செஸ் பை என்று பெயர். மாவால் செய்த ஓட்டுக்குள் முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சிறிது சோளமாவு, ஒரு கரண்டி வினிகர் ஆகியவற்றைக் கலந்து ஊற்றிச் சுடுவார்கள். மோர் ஊற்றிச் செய்வதும் உண்டு, அது மோர்ப்பை. பெயருக்கும் சதுரங்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. ‘இது என்ன பை?’ என்று கேட்டவரிடம் ஒரு சமையற்காரி ‘சும்மா பைதான்’ என்று சொன்னாளாம். ‘ஜஸ்ட் பை’ என்பது தென்னாட்டு நாவில் ‘ஜெஸ் பை’ ஆகிப் பிறகு ‘செஸ் பை’ ஆனதாம். பெயர்க்காரணக் கதைகளை நம்பிவிடக் கூடாது என்று மாணவர்க்குச் சொல்வது எங்கள் தொழில். என்றாலும் இந்தக் கதையின் உட்பொருளில் பொய்யில்லை. ஆப்பிளும் பீச்சும் கிடைக்காத குளிர்காலத்தில், வீட்டில் எப்போதும் இருக்கிற நாலு பொருளைக் கொண்டு செய்த எளிய இனிப்பு அது.

அதற்குக் கடல் கடந்த உறவு என்று வட்டலப்பத்தைச் சொல்லலாம். வெண்ணெய்க்கும் மோருக்கும் பதிலாகத் தேங்காய்ப்பால். சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி. மாவு ஓடு கிடையாது. வட்டிலில் ஊற்றி வேகவைக்கும் அப்பம் என்பது பெயரிலேயே கிடக்கிறது. இலங்கையில் முஸ்லிம்களின் பெருநாள் இனிப்பு அது; அங்கே கித்துள் பனையின் வெல்லம் சேர்ப்பார்கள். டச்சுக்காரர் காலத்தில் சாவகம் முதலான தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் வழியே வந்தது என்பர். மலாய் நாட்டில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்த செரிகாயா என்ற பண்டம் இன்றும் இருப்பதால் அது நம்பத்தக்கதே. தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் வீடுகளில் வட்டலப்பம் இல்லாமல் விருந்து நிறைவதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு உம்மாவின் தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். உம்மாவின் தாயார் அங்கே சில ஆண்டுகள் இருந்து கற்றுவந்த கைப்பக்குவம் தக்கலைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. தேங்காய்ப்பாலை ஒன்றாம்பால், இரண்டாம்பால் என்று பிரித்துப் பிழிந்து பிரதமன் வைக்காத கல்யாணம் இங்கே இல்லை. ஆகையால் வட்டலப்பத்தின் மணம் எங்களுக்கு அந்நியமாக இருந்ததில்லை. பிள்ளைகளாக இருந்தபோது அதைக் ‘கெட்டிப் பிரதமன்’ என்றே சொல்வோம்.

ஆனால் பிரதமனுக்கும் அதற்கும் நடுவே முட்டை என்ற மதில் இருந்தது. அம்மா சைவம். எங்கள் அடுக்களைக்குள் முட்டை வந்ததில்லை. இரண்டு பெருநாள்களிலும் உம்மா வாழையிலையால் மூடிய வட்டிலோடு புறவாசலில் வந்து நிற்பார். அம்மா இரு கைகளாலும் வாங்கிக்கொள்வாள். புறவாசல் படியிலேயே எங்களை உட்கார்த்திப் பங்கிட்டுக் கொடுப்பாள். வட்டிலைச் சாம்பலிட்டுத் துலக்கி, தீபாவளி வரும்போது முந்திரிக்கொத்து நிரப்பித் திருப்பி அனுப்புவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதை அன்று. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டு மாவட்டமே மதத்தின் பெயரால் பிளவுபட்டுக் கிடந்த பிறகு, பல தெருக்களில் இத்தகைய பண்டமாற்று அருகிப்போனதாக மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே அது நிற்கவில்லை. வாங்க மறுத்ததும் இல்லை, வாயில் வைத்ததும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அம்மாவின் ஒழுங்கு அதுதான். உம்மாவும் ஒருமுறைகூட ‘அக்கா, நீங்க தின்னீங்களா?’ என்று கேட்டதில்லை.

2014இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை மெல்லத் தேறியது. விழுங்கும் திறன் தேறவில்லை. தண்ணீர் புரையேறியது, சோறு தொண்டையில் நின்றது. இப்படிப்பட்டவர்களுக்கு நீர்த்த உணவும் ஆகாது, உதிரும் உணவும் ஆகாது. வழவழப்பாகவும் ஒன்றாகத் திரண்டும் இருப்பதே இறங்கும். மருத்துவர் புரதம் வேண்டும் என்றார். முட்டை சேர்க்கலாமா என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லாமல் வந்தோம். பருப்பைக் குழைத்தும் தயிரைக் கெட்டியாக்கியும் பார்த்த வாரங்களில் அம்மா எடை குறைந்துகொண்டே வந்தாள்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வழக்கம்போல வட்டில் வந்தது. கட்டிலில் இருந்தபடியே அம்மா மணத்தைப் பிடித்துவிட்டாள்.

‘அதக் கொஞ்சம் இங்கிண கொண்டா.’

‘அம்மா, அதுல முட்டை கெடக்கு.’

‘எனக்குத் தெரியாதாக்கும்? நாப்பது வருசமா வாங்கி வைக்கேன்லா.’

தேநீர்க் கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். புரையேறவில்லை. பாதி வட்டில் முடிந்ததும் போதும் என்று கைகாட்டினாள். அன்றைக்கு அவளாக எடுத்த முடிவு அது. யாரும் ஏமாற்றியோ வற்புறுத்தியோ ஊட்டியதில்லை என்பதை இங்கே பதிந்து வைக்க விரும்புகிறோம். செய்தி கேட்டு உம்மா வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமலே இருந்தார். போகும்போது எங்களிடம், ‘தெனமும் நான் கொண்டுவர முடியாது மக்களே, முட்டு வேதனை. வந்து நின்னு படிச்சிக்கிடுங்கோ’ என்றார்.

நின்று படித்தோம். பத்து முட்டைக்கு அரைக்கிலோ கருப்பட்டி. இரண்டு தேங்காயின் ஒன்றாம்பால் மட்டும். கருப்பட்டியைத் தட்டி, அரைத் தம்ளர் தண்ணீரில் கரையும்வரை சூடாக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் தூசியும் அடியில் தங்கும். பாகு முற்றாக ஆறிய பிறகே முட்டையில் சேர வேண்டும். முட்டையை நுரைக்க அடிக்கலாகாது. வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும் அளவுக்குக் கலக்கினால் போதும். நுரை இருந்தால் வெந்தபின் உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். மறுபடியும் வடிகட்டி, ஏலக்காய்ப்பொடியும் ஒரு துருவல் சாதிக்காயும் சேர்த்து, மேலே முந்திரிப்பருப்பைத் தூவி வட்டிலை மூட வேண்டும். மூடியிலிருந்து ஆவித்துளி சொட்டாமல் இருக்க வாழையிலை. பின்பு இட்லிக்கொப்பரையில் மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம்.

‘தீயைக் கொறச்சு வையுங்கோ. முட்டைக்கு அவசரம் பிடிக்காது’ என்பது உம்மா ஓயாமல் சொல்லும் பாடம். அதன் காரணத்தைப் பின்னர் படித்தறிந்தோம். முட்டையின் புரதம் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்துக்கு மேல் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னத் தொடங்குகிறது. பாலும் இனிப்பும் கலந்திருக்கும்போது அந்தப் பின்னல் தாமதமாகி, 80 பாகையை ஒட்டியே கலவை உறைகிறது. அந்தப் பின்னலின் கண்களுக்குள்தான் பால் தங்கி நிற்கிறது. சூடு மிகுந்தால் பின்னல் இறுகி, பிடித்து வைத்த நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அமெரிக்கப் பையில் சேரும் சோளமாவு இந்த இறுக்கத்தை ஓரளவு தடுக்கும். வட்டலப்பத்தில் மாவே இல்லை. தீயின் நிதானம் ஒன்றுதான் அதற்குக் காவல்.

உம்மாவின் தாயார் வீட்டில் கொப்பரை கிடையாதாம். வாயகன்ற வெண்கலப் பாத்திரத்தில் கலவையை ஊற்றி, அடியில் சாம்பல் பூத்த தணலும், மூடியின்மேல் சிரட்டைத் தணலும் இட்டு வைப்பார்களாம். மேற்பரப்பு சிவந்து ஏடு கட்டுமாம். அமெரிக்கத் தென்மாநிலத்தாரும் ஓவன் வருவதற்குமுன் இரும்புச் சட்டியின் மூடிமேல் கங்குகளைப் பரப்பியே சுட்டார்கள். இருவேறு கண்டங்களில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். இதற்கு என்ன பேர் என்று உம்மாவிடம் கேட்டோம். ‘தணல் போடுறதுதான், வேற என்ன?’ என்றார். சொல் அகராதியில் இல்லாவிட்டாலும் ஆளவேண்டியவர்கள் வாயில் இருந்தது. இப்போது எங்கள் வீட்டு மின் ஓவனில், வெந்நீர் நிறைந்த தட்டின் நடுவே வட்டிலை வைத்து 160 பாகையில் சுடுகிறோம். சுற்றியுள்ள நீர் கொதிநிலைக்கு மேல் சூடேறாது என்பதால் கலவையும் பதறாமல் வேகிறது. மேலே ஏடும் கட்டுகிறது.

தீயைக் கற்றுக்கொள்ளலாம், கருப்பட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பதநீருக்கு அக்கானி என்று பெயர். பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்கும் அக்கானியை வீட்டுப் பெண்கள் வெயிலிலும் புகையிலும் நின்று காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றி உறைய வைப்பார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் அக்கானி வேண்டும். அதற்காகப் பனையேறி நாளுக்கு இருமுறையாவது ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்க வேண்டும். இந்த உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாததால் பனையேறிகளின் பிள்ளைகள் மரம் ஏறுவதில்லை. ஏறச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி சீனிப்பாகு கலந்தது. பனை நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. வெட்டாமல் விட்டால் மரம் நிற்கும். ஏற ஆளில்லாத மரத்திலிருந்து அக்கானி வராது. உம்மா கருப்பட்டியை உடைத்து மணந்து பார்ப்பார். பிறகு ஒரு துணுக்கை நாவில் வைத்து, இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்பு எட்டிப்பார்க்கிறதா என்று காத்திருப்பார். இல்லையென்றால் ‘இது சீனிக்குக் கறுப்புச் சட்டை’ என்று ஒதுக்கிவிடுவார்.

அம்மா அதன்பிறகு ஒன்றரை ஆண்டு இருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் வட்டலப்பம் எங்கள் வீட்டிலேயே வெந்தது. முட்டைக்கென்று தனிப் பாத்திரம் ஒன்றைப் புறவாசல் திண்ணையில் வைத்தோம். அதை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னவளும் அம்மாதான். எடை கூடவில்லை, குறைவது நின்றது. அவள் போன அன்று உம்மா புறவாசல் வழியாக வரவில்லை. முன்வாசல் வழியாக வந்து, கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்தார்.

உம்மாவும் 2019இல் காலமானார். அவருடைய மகன் வளைகுடாவில்; மருமகள் வேலைக்குப் போகிறவர். அந்தக் கைப்பக்குவத்தை அவர்கள் வீட்டில் யாரும் கற்றிருக்கவில்லை. அடுத்து வந்த பெருநாளுக்கு முந்திய இரவு நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெருநாள் இனிப்பை அவர்களுக்கு நாம் கொடுத்தனுப்புவது முறையா? துக்கம் ஆறாத வீட்டில் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும்? முடிவில், உம்மா காட்டித்தந்த அளவிலேயே செய்து, வாழையிலையால் மூடி, மதிலோரம் நடந்துபோய்க் கொடுத்தோம். மருமகள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மாலையில் உம்மாவின் பேரன் வட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தான். எப்படி இருந்தது என்று கேட்டோம். பதின்மூன்று வயதுப் பையன். முகத்துக்காகப் பேசத் தெரியாத வயது.

‘நல்லாத்தான் இருந்து. உம்மும்மா வைக்கது இன்னும் நல்லாயிருக்கும்.’

எங்களுக்கு அது நிறைவாக இருந்தது. அந்த ருசியின் அளவுகோல் ஒரு நாவிலாவது இன்னும் இருக்கிறது. அவனுக்குத் தெரியும்வரை எங்களைத் திருத்த ஆள் உண்டு. வட்டிலின் மூடியைத் திறந்தோம். உள்ளே இரண்டு கை முந்திரிப்பருப்பு இருந்தது. ‘அடுத்த பெருநாளுக்குன்னு உம்மா தந்தாவ’ என்று சொல்லிவிட்டு அவன் ஓடிவிட்டான்.