கண்ணாடிக்கு வைத்த ரப்பர்

அலமாரிக் கதவுக்கு ரப்பர் வைக்கும் யோசனை முதன்முதலில் எங்கள் பாட்டாவுக்குத்தான் வந்தது என்பார் பெரியப்பா. குலசேகரத்தில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு மரவேலை செய்யப் போனவர் கூலியில் பாதிக்கு ரப்பர் ஷீட் வாங்கி வந்தாராம். அதைத் துண்டு போட்டுக் கதவின் உள்மூலையில் வைத்தாராம். அதைப் பார்த்துத்தான் நாகர்கோவில் முழுக்க வைக்க ஆரம்பித்தார்களாம். கல்யாண வீடானாலும் துட்டி வீடானாலும் இந்தக் கதை வந்துவிடும். பாட்டாவின் கைவேலை மேல் எனக்கு நிறைய மதிப்பு உண்டு. அதனாலேயே இந்தக் கதை உறுத்தியது. செய்யாத ஒன்றைச் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க வேண்டியதில்லை.

பாட்டா ரப்பர் வைத்த அந்த அயினி மர அலமாரி இன்றும் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. வலது கதவின் உள்பக்கம், மேல்மூலையிலும் கீழ்மூலையிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன ஆணி. டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. வெட்டிய ஓரத்தில் நூல் தெரிந்தது. எதிரெதிர்ச் சாய்வில் இரண்டு அடுக்கு இழை.

குலசேகரம் பக்கம் ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துப் பிழிந்து, புகைப்புரையில் காயவைக்கும் ஷீட் தேன் நிறத்தில் இருக்கும். அதில் இப்படிக் கரிக்கறுப்பு வராது, நூலும் இருக்காது. கந்தகம் சேர்த்துச் சூடாக்காத அந்த ஷீட் வெயில் காலத்தில் பிசுபிசுத்து மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டா வைத்தது சைக்கிள் டயரின் பக்கவாட்டுத் துண்டு. எஸ்டேட் கதை அங்கேயே முடிந்தது.

அப்படியானால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பரை முதலில் வைத்தது யார்? நேராக சார்ல்ஸ் குட்இயரிடம் போனேன். 1839இல் ரப்பரையும் கந்தகத்தையும் சூட்டில் சேர்த்து, வெயிலுக்கு இளகாத, குளிருக்கு விறைக்காத ரப்பரைக் கண்டவர். 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் நாற்காலி மேஜைகளைக்கூட ரப்பரில் செய்து காட்சிக்கு வைத்தார். ரப்பரால் என்னவெல்லாம் செய்யலாம் என்று இரண்டு பாகங்களில் புத்தகமே எழுதினார். இரவு இரவாக அந்தப் பழைய பக்கங்களிலும், பிறகு வந்த காப்புரிமைப் பதிவுகளிலும் உட்கார்ந்திருந்தேன். பியானோ மூடிக்கு, ரயில் பெட்டிக்கு என்று பாதை கிளை விட்டுக்கொண்டே போனது. எடுத்த பதிவெல்லாம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் திருத்துவதாகவே தொடங்கியது. முதல் ஆள் என்று கைகாட்ட அங்கே யாரும் நிற்கவில்லை.

கோட்டாற்றில் பாட்டாவிடம் வேலை பழகிய மாமா ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், இன்னும் உளியைத் தானே தீட்டுகிறார். அவரிடம் போய், "மாமா, அலமாரிக்கு ரப்பர் வைக்கிற பழக்கம் எப்போ வந்தது?" என்று கேட்டேன்.

"எந்த அலமாரிக்கு?"

"பொதுவா கேட்கிறேன் மாமா."

"பொதுவான அலமாரின்னு ஒண்ணு கெடையாது மக்கா."

அதற்கு மேல் பேசவில்லை. நான் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டேன். அவர் அரத்தை எடுத்து ரம்பப் பல்லை ஒவ்வொன்றாக ராவிக்கொண்டிருந்தார். மறுபடி போன போதும் அதே பதில். பெரியப்பாவின் கதையைச் சொன்னால் கோபத்திலாவது வாய் திறப்பார் என்று நினைத்துச் சொன்னேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். பாட்டாவும் அவரும் சேர்ந்து செய்த இன்னொரு அலமாரி அங்கே நின்றது.

"அந்தக் கதவைச் சாத்து."

வேகமாகத்தான் சாத்தினேன். சட்டத்தை நெருங்கும்போது கதவு தானாகவே தயங்கி, மெல்லப் போய்ப் படிந்தது. அதே நேரத்தில் கீழே இருந்த இழுப்பறை ஒரு விரல் அளவு வெளியே வந்தது. உள்ளே அடைபட்ட காற்று அதைத் தள்ளியிருக்கிறது. முதுகுப் பலகையிலும் மூலையிலும் காற்று வெளியேற இடைவெளி கிடையாது. கதவு சட்டத்துக்குள் அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு எதுக்கு ரப்பர்? உங்க பாட்டா செஞ்ச கதவு எதுக்கும் ரப்பர் வெச்சதில்ல பாத்துக்க. உங்க பெரியப்பன் வீட்டு அலமாரிக்கு மட்டுந்தான் வெச்சாரு. அதுவும் பொறவு வெச்சது. ஏன்னு கேளு."

கேட்டேன்.

"கண்ணாடி மாட்டினாவ. உங்க பாட்டிக்கு ஆள் உயரக் கண்ணாடி வேணும்னு."

அலமாரியின் வலது கதவில் நாலடி உயரம், ஒன்றேகால் அடி அகலத்தில் கண்ணாடி இருந்தது எனக்கும் தெரியும். ரசம் போனதும் கழற்றிவிட்டார்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ கனக்கும். அந்த அளவில் 5 மி.மீ. கண்ணாடி என்றால் ஏறக்குறைய 6 கிலோ. அத்தனை எடையும் கீலில் தொங்கியதும் கதவு லேசாக இறங்கியது, இறங்கியதைச் சீவினார்கள், சீவியதும் காற்று கசிந்தது, காற்று கசிந்ததும் கதவு அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடியைப் பிடித்திருந்த பீடிங்கின் ஆணி தளர்ந்தது. டயர் துண்டு வந்தது அப்போதுதான். சத்தத்துக்காகவோ மரத்துக்காகவோ வைத்ததில்லை. கண்ணாடி விழக்கூடாது என்று வைத்தது.

"கண்ணாடிக்குப் பின்னால மட்டும் ரப்பர் வைக்கப்பிடாது. கருத்துப் போவும். அங்க கம்பளித் துணிதான்" என்றார் மாமா. ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கருக்கும். கண்ணாடியின் ரசம் வெள்ளி. குட்இயரின் பக்கங்களில் படித்த கந்தகத்தை மாமா ஒரே வரியில் எனக்குப் புரியவைத்துவிட்டார்.

அதன்பிறகு யார் முதலில் என்ற கேள்வியை விட்டுவிட்டேன். ரப்பர் எதைக் காப்பாற்ற வருகிறது என்பதுதான் கேட்கவேண்டியது. என் சென்னை வீட்டில் மாடுலர் கிச்சன் ஷட்டர் கதவுக்கும் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கும் ரப்பர் புஷ் வாங்க வேண்டியிருந்தது. தேவராஜ முதலி தெருக் கடைகளுக்கு அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

இன்றைய ஷட்டர் சட்டத்துக்குள் உட்காருவதில்லை. பெட்டியின் முகத்தில் மோதுகிறது. ஸ்பிரிங் கீல் அதை இன்னும் வேகமாக இழுக்கிறது. மெதுவாகச் சாத்தும் கீல் இருந்தாலும் புஷ் தேவைதான்; கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே சீரான இடைவெளியை அதுதான் பிடிக்கிறது. உயரம் 2 மி.மீ. போதும். த்ரீஎம் நிறுவனத்தின் பம்ப்பான் புஷ்களில் 7.9 மி.மீ. அகலம், 2.2 மி.மீ. உயரத்தில் அரைக்கோள வடிவம் ஒன்று உண்டு, பாலியூரித்தேனில் செய்தது. கைப்பிடிப் பக்கம் மேலொன்று கீழொன்று. இதைவிடத் தடித்தது ஒட்டினால் கதவு வாய் பிளந்தே நிற்கும்.

கடையில் கண்ணாடி போல் தெரியும் எல்லாவற்றையும் சிலிக்கோன் புஷ் என்றே கொடுக்கிறார்கள். அசல் சிலிக்கோனில் சாதாரணப் பசை எளிதில் பிடிக்காது. ஆகவே விலை குறைந்த, பின்னால் பசையோடு வருவது பெரும்பாலும் பிவிசி அல்லது பாலியூரித்தேன். மென்மைக்காக பிவிசியில் சேர்க்கும் எண்ணெய் நாளாவட்டத்தில் வெளியே கசியும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்த மரத்தை இளக்கித் தடம் பதிக்கும். லேமினேட் ஷட்டரில் அந்தப் பயம் குறைவு. மர மேஜைக்கு நான் பாலியூரித்தேன்தான் கேட்டு வாங்குவேன்.

மேஜைக் கண்ணாடி நாலடிக்கு இரண்டரை அடி, 10 மி.மீ. தடிமன், 23 கிலோ வருகிறது. இதற்கு அரைக்கோளம் வேண்டாம். கனம் முழுவதும் முனையில் இறங்கி நசுங்கும். தட்டையான தலை உள்ள, அகலமான புஷ்தான் சரி. நாலு மூலையோடு நிறுத்தினால், சட்டம் இம்மி கோணலாக இருந்தாலும் கண்ணாடி மூன்றில் உட்கார்ந்து ஆடும். நீளவாக்கில் நடுவிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டேன். ரப்பர் அமுங்கி அந்தக் கோணலைச் சமாளிக்கிறது. கண்ணாடியை நேராக மரத்தில் போட்டால் ஈரம் நடுவில் சிக்கும். பழைய ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த புகைப்படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக் கிழிந்து வருவது இதனால்தான்.

ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொல்வார்கள். லேமினேட்டில் துடைக்கலாம். பிரெஞ்சு பாலிஷ் போட்ட மரத்தில் துடைத்தால் பாலிஷே கரைந்து வந்துவிடும். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான். எங்கள் மேஜை அந்த வகை. அதனால் புஷ்ஷைக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டினேன். பசை இறுக ஒரு நாள் விட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு இருவருமாகக் கண்ணாடியைத் திருப்பி மேஜைமேல் இறக்கினோம்.